ரிப்லி வீதியின் இரண்டு வாசல்கள்

லண்டனின் தென்மேற்கில், கிங்ஸ்டனைத் தாண்டி தேம்ஸ் ஆற்றின் கரையை ஒட்டிப் போகிற போர்ட்ஸ்மத் வீதி எங்கள் ஆட்களுக்கு நல்ல பழக்கம். டோல்வர்த், நியூ மோல்டன், சர்பிட்டன் பக்கங்களில் குடியிருக்கும் ஈழத்துக் குடும்பங்கள் வேலைக்கும் கடைக்கும் பிள்ளைகளின் ரியூசனுக்கும் அந்த வீதியால் எத்தனையோ தரம் போய் வந்திருப்பார்கள். அதே வீதியில் தேம்ஸ் டிட்டன் என்ற ஊரிலிருந்து ரிப்லி என்ற கிராமம் வரையான பத்து மைலுக்கு, 1880-களிலும் 1890-களிலும் 'ரிப்லி வீதி' என்று பெயர். சைக்கிள்காரர்களின் மெக்கா என்று ரிப்லியைச் சொன்னார்கள். சைக்கிள் என்ற வாகனம் பணக்கார வாலிபர்களின் கையிலிருந்து கடைப் பையன்களின் கைக்கும், பிறகு பெண்களின் கைக்கும் வந்த வரலாற்றை ஒரே நீட்டில் ஓடிப் பார்க்கக்கூடிய வேறு வீதி இங்கிலாந்தில் இல்லை என்பது என் எண்ணம்.

அந்தப் பத்து மைலின் தொடக்கத்தில் ஒரு விடுதி, முடிவில் ஒரு விடுதி. டிட்டனில் ஏஞ்சல், ரிப்லியில் அங்கர். ரிப்லிக்குக் கிட்ட, ஒக்கம் என்ற ஊரில் இன்னொரு விடுதி இருந்தது. சைக்கிளில் வந்தவர்களை அங்கர் வாவென்று அழைத்தது. ஒக்கம் விடுதி ஒரு பெண்ணைத் தன் சாப்பாட்டு அறைக்குள் விட மறுத்தது. ஒரு வீதி யாருக்குச் சொந்தம் என்பது தாரிலும் கல்லிலும் மட்டும் தீர்மானமாவதில்லை. களைத்து வந்து இறங்குகிறவரை எந்த அறையில் இருத்துகிறார்கள் என்பதிலும்தான் இருக்கிறது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் நிலத்தைச் சொல்லவேண்டும். தேம்ஸ், மோல், வே என்ற மூன்று ஆறுகள் மணலையும் பரலையும் கொண்டுவந்து பரப்பிய நாடு இது. கிங்ஸ்டன் சந்தையை விட்டுத் தெற்கே திரும்பினால் வலக்கைப் பக்கம் தேம்ஸ் கூடவே வரும். சர்பிட்டனையும் டிட்டனையும் கடந்தபின் ஈஷருக்குள் ஏற ஒரு சின்ன ஏற்றம். அடுத்து பெயார்மைல் என்ற நேர் வீதி. கொபத்தில் மோல் ஆற்றுப் பாலம், அதைத் தாண்டியதும் பெயின்ஸ் ஹில் ஏற்றம், பிறகு விஸ்லி பொதுநிலத்தின் பைன் மரங்களும் பற்றைக் காடும், கடைசியில் வே ஆற்றின் தாழ்நிலத்தில் ரிப்லி. நெஞ்சு அடைக்கிற மலை எதுவும் இல்லை. புதிதாகப் பழகியவரும் காலையில் போய் மத்தியானத்துக்குள் திரும்பலாம்.

ஆற்றோரமாகப் போகும்போது சர்பிட்டன் எல்லையில் சீத்திங் வெல்ஸ் என்ற இடத்தில் பழைய தண்ணீர் வடிகட்டும் தொட்டிகள் இருக்கின்றன. பலர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. 1852-இல் லாம்பெத் தண்ணீர்க் கம்பனி, நகரத்துக் கழிவு கலக்கும் இடத்தை விட்டுவிட்டு ஆற்றின் மேற்பக்கமாக இங்கே வந்து தண்ணீர் எடுக்கத் தொடங்கியது. இன்னொரு கம்பனி பழைய இடத்திலேயே அழுக்குத் தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கம்பனிகளின் குழாய்களும் தென்லண்டனில் ஒரே தெருக்களில், பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குப் போயின. 1854-இல் கொலரா வந்தபோது ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் வீடு வீடாக விசாரித்து, எந்த வீட்டுக்கு எந்தக் கம்பனியின் தண்ணீர் என்று கணக்கெடுத்தார். சீத்திங் வெல்ஸ் தண்ணீர் குடித்த வீடுகளில் சாவு மிகக் குறைவு. கொலரா காற்றால் அல்ல, தண்ணீரால் பரவுகிறது என்ற அவருடைய வாதத்துக்கு இந்தக் கணக்கு பெரிய பலம். சைக்கிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த இடத்தைக் கடக்கிறபோது கூட வருகிறவர்களுக்குச் சொல்லாமல் என்னால் போக முடிவதில்லை.

சைக்கிளுக்கு முன் இது கடற்படையின் வீதி. லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு மாலுமிகளும் அதிகாரிகளும் தபாலும் போன வழி. குதிரை வண்டிகள் நின்று குதிரை மாற்றுவதற்காகக் கிங்ஸ்டன், ஈஷர், கொபம், ரிப்லி என்று வழிநெடுக விடுதிகள் எழுந்தன. கடற்படைத் தலைமையகத்தின் அவசரக் கட்டளைகள் மட்டும் குதிரைக்குக் காத்திருக்கவில்லை. மேடுகளில் கோபுரங்கள் கட்டி, அவற்றின் உச்சியில் மரக் கைகளை அசைத்து, கோபுரத்துக்குக் கோபுரம் செய்தியைக் கடத்தினார்கள். அந்தக் கோபுரங்களில் ஒன்று 1822-இல் வேலையைத் தொடங்கி 1847 வரை ஓடியது. கொபத்துக்கும் ஒக்கத்துக்கும் இடையில், சாட்லி ஹீத் காட்டுக்குள் அது இன்றும் நிற்கிறது.

1838-இல் ரயில் வோக்கிங் வரை வந்தது. அதோடு குதிரை வண்டிகளின் காலம் முடிந்தது. தொழுவங்கள் வெறுமையாகின. விடுதிகள் உள்ளூர் விவசாயிகளுக்குப் பியர் ஊற்றிக் காலம் தள்ளின. நன்றாகப் போட்ட வீதி, போக்குவரத்து இல்லாத வீதி, வழியெல்லாம் ஆள் வராத விடுதிகள். 1870-களில் பெரிய சில்லுச் சைக்கிளோடு வந்த வாலிபர்களுக்கு இவை மூன்றும் ஒன்றாகக் கிடைத்தன.

அந்தப் பெரிய சில்லுச் சைக்கிளைப் படத்தில் பார்த்துச் சிரிக்கிறோம். ஓடியவர்களுக்கு அது சிரிப்பான காரியம் இல்லை. உழக்குக் கட்டை முன் சில்லின் அச்சிலேயே இருக்கும், சங்கிலி கிடையாது, கால் நீளம் எவ்வளவோ அவ்வளவு பெரிய சில்லு. ஓடுகிறவர் ஏறக்குறைய அச்சுக்கு நேர் மேலே, ஒரு ஆள் உயரத்தில் இருப்பார். ஒரு கல்லில் சில்லு முட்டினால் தலைகீழாக முன்பக்கம் விழவேண்டியதுதான். இறக்கத்தில் உழக்குக் கட்டை தானே வேகமாகச் சுற்றும். கால்களை எடுத்துக் கைபிடிக்கு மேலே போட்டுக்கொண்டு கடவுளை நம்பி இறங்குவார்கள். ஆகவே மலையில்லாத வீதி, கல் கிளம்பாத வீதி அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. ரிப்லி வீதி அப்படிப்பட்டது.

ரிப்லி அங்கர், மரச்சட்டம் வைத்துக் கட்டிய, தாழ்ந்த உத்தரங்களுள்ள பழைய கட்டிடம். இன்றும் கிராமத்துத் தெருவில் இருக்கிறது. அதை நடத்தியவர் டிபிள் என்ற அம்மா. அவருக்கு அனி, ஹரியற் என்று இரண்டு மகள்கள். மற்ற இடங்களில் விடுதிக்காரர்கள் புழுதி படிந்த சைக்கிள்காரரைக் கண்டால் முகத்தைச் சுளித்த காலம் அது. குதிரைகளை வெருட்டுகிறவர்கள், கோழிகளை அடிக்கிறவர்கள் என்று வண்டிக்காரர்கள் சவுக்கை ஓங்கிய காலம். டிபிள் குடும்பம் அவர்களுக்கு முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தது, மேசை போட்டது, பேர் சொல்லி அழைத்தது. 1880-களின் தொடக்கத்திலிருந்து, வந்த சைக்கிள்காரர்கள் கையெழுத்திட ஒரு புத்தகம் வைத்தார்கள். அது நிரம்ப அடுத்தது, அதுவும் நிரம்ப அடுத்தது. சனி, ஞாயிறுகளில் அங்கரின் மதிலில் சாய்த்து வைக்க இடமில்லாமல் சைக்கிள்கள் எதிர்ப்பக்கத்துப் புல்வரை போய்ச் சேரும்.

1878-இல் ஹரோகேற் என்ற ஊரில் சைக்கிள் சுற்றுலாச் சங்கம் ஒன்று தொடங்கியிருந்தார்கள். தங்கள் உறுப்பினர்களுக்கு நியாயமான விலையில் சாப்பாடும் படுக்கையும் தரும் விடுதிகளோடு அது ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்படியான விடுதிகளின் சுவரில் சிறகு முளைத்த சில்லுச் சின்னம் பொறித்த வார்ப்பிரும்புத் தகடு மாட்டப்படும். தூரத்து ஊரில் இருட்டுப்பட்டுப் போனவருக்கு அந்தத் தகடு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். அந்தச் சங்கத்தின் பெயர் இந்தக் கதையில் திரும்பவும் வரும்.

ரிப்லிக் கோயிற் பாதிரியாரும் வந்தவர்களை விரட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுச் சைக்கிள் ஓடுகிறார்களே என்று மற்ற ஊர்களில் பிரசங்கம் நடக்க, இவர் சைக்கிள்காரர்களுக்கென்றே ஆராதனை வைத்தார். புனித மகதலேனா மரியாள் கோயிலுக்குள் போனால் ஹேர்பர்ட் லிடல் கோர்ட்டிஸ் என்பவரின் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடி யன்னல் உண்டு. மருத்துவம் படித்தவர், 1882-இல், பெரிய சில்லுச் சைக்கிளில், ஒரு மணித்தியாலத்துக்குள் 20 மைலைக் கடந்த முதல் மனிதர். அவுஸ்திரேலியாவுக்குப் போய் 1885-இல் இளவயதில் இறந்துபோனார். கூட ஓடியவர்கள் அவரை ரிப்லியில் நினைவுகூர்ந்தார்கள். அதே கோயிலில் அனி, ஹரியற் சகோதரிகளுக்கும் சைக்கிள்காரர்கள் நினைவுச் சின்னம் வைத்தார்கள். விடுதியில் மேசை துடைத்து, கோப்பை கழுவி, களைத்தவர்களை உபசரித்த இரண்டு பெண்களுக்கு, வந்துபோனவர்கள் காசு சேர்த்துக் கோயிலில் வைத்த சின்னம். சாதனை வீரருக்கு வைத்த யன்னலை விட எனக்கு அதுதான் பெரிது.

1885-இல் கொவென்றியில் ஜோன் கெம்ப் ஸ்ராலி 'ரோவர்' என்ற சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு சில்லுகள், பின் சில்லுக்குச் சங்கிலி. இன்றைய சைக்கிளின் தாய் அதுதான். 1888-இல் பெல்பாஸ்டில் இருந்த ஜோன் பொய்ட் டன்லொப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் மூன்று சில்லு வண்டிக்காகக் காற்றடைத்த ரயரைச் செய்தார். அதே 1888-இல், உள்ளூராட்சிச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு சைக்கிளும் வீதியில் ஓடும் ஒரு வண்டியே என்று எழுதி வைத்தது. ஊருக்கு ஊர் இருந்த தடை விதிகள் அதோடு போயின. மூன்றே வருடத்துக்குள் வாகனம், ரயர், உரிமை மூன்றும் வந்து சேர்ந்தன.

பிறகு வந்த கூட்டம் வேறு கூட்டம். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று முழம் போடுகிறவர்கள், எழுதுவினைஞர்கள், இளம் ஆசிரியர்கள். எச். ஜி. வெல்ஸ் 1895-இல் வோக்கிங்கில் குடியிருந்தபோது சைக்கிள் பழகினார். தானே துணிக்கடையில் பயிற்சிப் பையனாக இருந்து கஷ்டப்பட்டவர். அடுத்த வருடம் வெளிவந்த அவருடைய 'த வீல்ஸ் ஒஃப் சான்ஸ்' நாவலில், பட்னியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் ஹூப்டிரைவர், வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் விடுமுறையில் பழைய சைக்கிள் ஒன்றோடு இதே வீதியில் புறப்படுகிறான். கடை முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் முன்னால் குனிந்தே பழகிய ஒருவன், வீதிக்கு வந்ததும் தானும் ஒரு மனிதன் என்று உணர்கிற இடங்களை வெல்ஸ் உள்ளிருந்து எழுதியிருக்கிறார். அந்த வழியில் அவன் சந்திப்பது, காற்சட்டை மாதிரியான உடுப்பில் சைக்கிள் ஓடிவரும் ஒரு இளம் பெண்ணை.

போன வருடம் கோயில் மண்டபத்தில் பழக்கமான ஒரு தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ரிப்லிக்குப் போனேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. கால் முழுவதும் சேறு தெறித்த இறுக்கமான ஓட்ட உடுப்போடு தேத்தண்ணிக் கடை வாசலில் தயங்கி நின்றாள். "அக்கா, இந்த உடுப்போடை எங்களை உள்ளுக்கை விடுவினமோ?" என்றாள். "ஏன் விடமாட்டினம்? வா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் யன்னலோரம் இருத்தினேன். அவள் கேட்டது எவ்வளவு பழைய கேள்வி என்பதைத் தேத்தண்ணி வந்த பிறகுதான் அவளுக்குச் சொன்னேன்.

சைக்கிள் பெண்களுக்கு வந்தபோது கூடவே உடுப்புப் பிரச்சினையும் வந்தது. அந்தக் காலத்துப் பாவாடை நிலத்தைக் கூட்டும். உள்ளே அடுக்கடுக்காக உள்பாவாடைகள், இடுப்பில் எலும்பு வைத்த இறுக்குக் கச்சு. சில்லில் துணி சிக்கி விழுந்து எலும்பு முறிந்தவர்கள் உண்டு. சைக்கிள் செய்தவர்கள் ஒரு வழி கண்டார்கள்: மேல் பாரை எடுத்துவிட்டுக் கீழே தாழ்த்தி வளைத்தார்கள், பின் சில்லுக்கு நூல் வலை கட்டினார்கள். பாவாடைக்கு ஏற்ப சைக்கிளை மாற்றினார்கள். வேறு சிலர் உடுப்பை மாற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே சேர்த்துக் கட்டிய தொளதொளத்த காற்சட்டை; அதற்குப் 'பகுத்தறிவு உடுப்பு' என்று பெயர். 1893-இல், 16 வயதான டெஸி ரெனால்ட்ஸ் என்ற பெண் அப்படி உடுத்துக்கொண்டு பிரைட்டனிலிருந்து லண்டனுக்கும் திரும்பவும் எட்டரை மணித்தியாலத்தில் ஓடி முடித்தாள். அவள் ஓடிய வேகத்தை விட அவள் போட்டிருந்த காற்சட்டையைப் பற்றித்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின.

புளோரன்ஸ் பொமெரோய், ஹார்பர்டன் சீமாட்டி, 1881-இல் தொடங்கிய பகுத்தறிவு உடுப்புச் சங்கத்தின் தலைவி. 1898 ஒக்டோபர் 27-ஆம் திகதி, ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மா தனியாகச் சைக்கிளில் ஒக்கத்துக்கு வந்தார். ஒக்கம் லவ்லேஸ் பிரபுவின் காணி. கணித மேதை ஏடா லவ்லேஸ் கல்யாணம் முடித்து வாழ்ந்த ஊர். கணிதம் படிப்பித்த எனக்கு அந்த ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்க்கிறபோது மனம் நிறையும். அங்கே ஹோபோய் என்று ஒரு விடுதி. சீமாட்டி உள்ளே போய்ச் சாப்பாட்டு அறையில் மத்தியானச் சாப்பாடு கேட்டார். விடுதியை நடத்திய ஸ்பிராக் என்ற அம்மா, அந்த உடுப்போடு அங்கே இருக்க முடியாது என்றார். வேண்டுமென்றால் குடிக்கும் அறையில் இருந்து சாப்பிடலாம். அந்த அறையில் ஆண்கள் குடித்துக்கொண்டும் புகைத்துக்கொண்டும் இருந்தார்கள். சீமாட்டி மறுத்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

இங்கேதான் சிறகு முளைத்த சில்லுச் சங்கம் திரும்பவும் வருகிறது. ஹார்பர்டன் சீமாட்டி அதன் உறுப்பினர். வழிப்போக்கருக்குச் சாப்பாடு மறுக்க விடுதிக்காரருக்கு உரிமை இல்லை என்பது இங்கிலாந்தின் பழைய சட்டம். சங்கம் தன் செலவில் ஸ்பிராக் அம்மா மீது வழக்குத் தொடுத்தது. 1899 ஏப்ரலில் கிங்ஸ்டனில் வழக்கு நடந்தது. ஜூரி விடுதிக்காரியை விடுதலை செய்தது. சாப்பாடு மறுக்கப்படவில்லை, வேறு அறை காட்டப்பட்டது, அது போதும் என்பது முடிவு.

இந்தத் தீர்ப்பை நினைக்கிறபோதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கொடுக்கப்பட்ட தட்டை மட்டும் பார்த்தார்கள், எந்த அறையில் கொடுத்தார்கள் என்பதைப் பார்க்கவில்லை. 'இருக்கலாம், ஆனால் அங்கே இரு' என்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று எங்கள் சமூகத்திலிருந்து வந்த எவருக்கும் விளங்கும். யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் சாதியால் தாழ்த்தப்பட்டவர்களுக்கு வேறு குவளை, வேறு இடம் என்று இருந்த காலம் எங்கள் தாய் தகப்பனின் காலம்தான். அவர்களும் சாப்பாடு மறுக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஹார்பர்டன் சீமாட்டி பணமும் பட்டமும் உள்ளவர். அவருடைய அவமானத்தையும் மற்றவர்களுடையதையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் முறை ஒன்றுதான். வழக்குப் போட்ட சங்கத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தோற்கக்கூடிய வழக்கென்று தெரிந்தும், ஒரு பெண்ணின் காற்சட்டைக்காக அவர்கள் நீதிமன்றம் ஏறியது அந்தக் காலத்தில் சின்னக் காரியமில்லை.

எனக்குச் சைக்கிள் பழக்கமானது ஆறே இல்லாத ஊரில். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு கிடையாது. ஆனால் தரை தட்டை. அப்பாவிடம் நொட்டிங்கத்தில் செய்த றலி இருந்தது. டைனமோவும் கரியரும் பூட்டி, ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருப்பார். எனக்கு வந்தது வளைந்த பார் வைத்த லேடீஸ் சைக்கிள், பின் சில்லில் நூல் வலை கட்டியது. வெள்ளைச் சீருடையோடு, ரை கட்டி, பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் வரிசையாக உழக்கிக்கொண்டு போவோம். 1990-களில் பெற்றோல் தடை வந்தபோது குடாநாடே சைக்கிளில்தான் நகர்ந்தது. விறகு, அரிசி, ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டிய நோயாளி, எல்லாம் கரியரில். சேலையோடும் சட்டையோடும் பெண்கள் பாரம் ஏற்றி ஓடினார்கள். அந்த வலை ஏன் கட்டியிருக்கிறது, அந்தப் பார் ஏன் வளைந்திருக்கிறது என்று அப்போது நான் யோசித்ததில்லை. 1890-களின் இங்கிலாந்துப் பாவாடைச் சண்டையில் பிறந்த சைக்கிள்தான் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பது ரிப்லி வீதியில் ஓடத் தொடங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது.

ரிப்லியின் பெரிய காலம் நெடுநாள் நிலைக்கவில்லை. புதிய நூற்றாண்டில் மோட்டார்க் கார் வந்தது, அதன் புழுதி வந்தது. 1903 சட்டம் காருக்கு மணிக்கு 20 மைல் என்று எல்லை வைத்தது. பொலிஸ்காரர் வேலிக்குள் ஒளிந்திருந்து நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு கார்களைப் பிடித்தார்கள். 1905-இல் கார்ச் சொந்தக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். பொலிஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டியே எச்சரிக்க அவர்கள் வேலைக்கு வைத்தது சைக்கிள்காரர்களை. பிரைட்டன் வீதியில் தொடங்கிய அந்த ஏற்பாடு போர்ட்ஸ்மத் வீதிக்கும் வந்தது. 1927-இல் கிங்ஸ்டனைச் சுற்றிப் புறவழி திறந்தார்கள். ரிப்லித் தெருவுக்குள்ளால் பாரவண்டிகள் போகிற நரகம் மட்டும் 1976-இல் ரிப்லிக்குப் புறவழி வரும்வரை நீடித்தது. இப்போது பெரிய வீதி பக்கத்தால் இரைந்துகொண்டு போகிறது. பழைய தெரு திரும்பவும் சைக்கிள் ஓடக்கூடிய தெருவாகியிருக்கிறது.

திரும்பி வரும்போது நான் பழைய வீதியால் வருவதில்லை. ரிப்லியிலிருந்து நியூவாக் மடத்தின் இடிந்த சுவர்களைப் பார்த்துக்கொண்டு வே ஆற்றுக்கு இறங்கினால், 1653-இல் திறந்த படகு வாய்க்கால். கில்ட்பர்ட்டிலிருந்து வெய்பிரிட்ஜ் வரை, ஆற்றை நேராக்கி மதகு வைத்து, படகு போக வழி செய்தது. குதிரை படகை இழுத்துப் போன கரைப்பாதை இப்போது நடப்பவருக்கும் மெதுவாக ஓடுபவருக்கும். நடப்பவருக்கு முதலிடம் கொடுத்து, மணியடித்து, வேகம் குறைத்து ஓடவேண்டும். வெய்பிரிட்ஜில் தேம்ஸைத் தொட்டால் வால்டன், மோல்சி என்று பச்சை வெளிகளுக்குள்ளால் ஹாம்ப்டன் கோர்ட் வரை ஆற்றோடே வரலாம். நெடுநேரம் ஆறும் அன்னமும் படகு வீடுகளும்தான் துணை.

மோல்சியில் ஹேர்ஸ்ட் பார்க் என்ற புல்வெளியைக் கடப்போம். முன்னர் குதிரைப் பந்தயத் திடல். 1913 ஜூன் 8-ஆம் திகதி, எப்சம் பந்தயத்தில் அரசரின் குதிரைக்கு முன்னால் போய் அடிபட்ட எமிலி டேவிசன் இறந்தார். அன்றிரவு, கிற்றி மரியன், கிளாரா ஜிவீன் என்ற இரண்டு பெண்கள் இந்தத் திடலின் பார்வையாளர் மண்டபத்துக்குத் தீ வைத்தார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடந்த போராட்டத்தின் ஒரு இரவு அது. இன்று நாய்கள் ஓடுகின்றன, பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள்.

ஹாம்ப்டன் கோர்ட் வழியாகத்தான் 2012 ஒலிம்பிக் வீதிப் போட்டிகளும் போயின. அங்கிருந்து வெய்பிரிட்ஜ், பைபிளீற், ரிப்லி என்று பொக்ஸ் ஹில் மலைக்கு. ஜூலை 29, பெண்களின் போட்டி. விடாத மழை. குடைகளோடு வீதியோரம் நின்றவர்களுக்கு நடுவில் நானும் நின்றேன். ஒரு நிமிடத்துக்குள் எல்லாரும் கடந்து போய்விட்டார்கள். சில்லுத் தண்ணீர் எங்கள் முகத்தில் தெறித்தது. நெதர்லாந்தின் மரியான் வோஸ் முதலாவது, பிரித்தானியாவின் லிஸி ஆர்மிட்ஸ்டெட் இரண்டாவது. அந்த ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். பிறகு, 2014-இல், லண்டன் நகராட்சி 'மினி ஹொலண்ட்' திட்டத்துக்குத் தெரிந்தெடுத்த மூன்று பகுதிகளில் கிங்ஸ்டனும் ஒன்று. போர்ட்ஸ்மத் வீதியின் ஆற்றோரப் பகுதியில் காரோடு முட்டாத தனிச் சைக்கிள் பாதை அந்தத் திட்டத்தால் வந்தது. வீதிக்குப் பயந்து சைக்கிளைக் கொட்டிலில் போட்டு வைத்த எத்தனையோ பேரை அந்தப் பாதை வெளியே கொண்டுவந்திருக்கிறது.

எங்கள் பெண்களில் இன்னும் நிறையப் பேர் வரவில்லை. ஊரில் விறகு ஏற்றி ஓடியவர்கள், இங்கே வந்தபின் சைக்கிளைத் தொடாதவர்கள். வயது போய்விட்டது, ஆட்கள் என்ன சொல்வார்கள், எதை உடுப்பது என்கிறார்கள். ஹார்பர்டன் சீமாட்டி ஒக்கத்துக்கு வந்தபோது என்ன வயது என்பதை மேலே எழுதியிருக்கிறேன். சல்வாரோடு வரலாம், சால்வையை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள், அல்லது இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். வளைந்த பார்ச் சைக்கிள் இருந்தால் அதுவே காணும், புதிதாக வாங்கத் தேவையில்லை. பங்குனிக் கடைசியில் நேரம் மாற்றிய பிறகு, மழையில்லாத ஞாயிறுகளில் காலை 7 மணிக்குக் கிங்ஸ்டன் பாலத்தடியில் நிற்போம். முதலில் டிட்டன் மட்டும் போய்த் திரும்பலாம். பழகியவர்கள் ரிப்லி வரை வரலாம். அங்கே நல்ல மேசையாகப் பார்த்துத்தான் இருப்போம். ஒரு மேலதிக ரியூப், காற்றடிக்கிற பம், மழைக்கோட்டு கொண்டு வாருங்கள். ரியூப் மாற்றத் தெரியாதவர்களுக்குப் பாலத்தடியில் வைத்தே காட்டித் தருகிறேன்.